கருநீலப் பலகைக்கு எந்த எழுத்து?

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும், வாசகசாலையின் பெயர்ப்பலகைக்காக நீ வரைந்து அனுப்பிய மாதிரியும் கிடைத்தன. வீட்டின் முன்னறையைத் தெருப்பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுக்கிறாய் என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உனக்குத் தன் ஆசியைத் தெரிவிக்கச் சொன்னார். இங்கே பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பள்ளி திறக்கும் பருவமாதலால் எங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சீருடை, விளையாட்டுப் பனியன் வேலைகள் நிறைந்திருக்கின்றன.

பலகைக்கு நீ கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தது மிகவும் சரி. அதன்மேல் சிவப்பில் எழுதுவதை மட்டும் மாற்றிவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு கண்ணைப் பறிக்கும் நிறம்தான் என்றாலும் வெளிர்ந்த நிறமன்று; கருநீலத்தைப் போலவே அதுவும் அடர்ந்தது. உன் மாதிரியைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார், எழுத்துகள் பின்னணிக்குள் அமிழ்ந்துபோவது தெரியும். கணினித் திரையில் நேவி நீலத்தின்மேல் தூய சிவப்பு எழுத்தை வைத்தால் ஒளி வேறுபாடு 4 மடங்கு அளவில்தான் நிற்கிறது. ஆரஞ்சு 8 மடங்கையும், மஞ்சள் ஏறக்குறைய 15 மடங்கையும் எட்டுகின்றன. சிறிய எழுத்து எல்லோருக்கும் சிரமமின்றித் தெரிய 4.5 மடங்காவது வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான நெறிமுறை. பிள்ளைகள் பள்ளி விட்டு, விளக்கேற்றும் நேரத்தில் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒளி மங்க மங்கச் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும், நீலம் அதைவிட நேரம் தாங்கும் என்பதைச் செக் நாட்டு உடலியல் அறிஞர் பூர்க்கின்யே 1819-இலேயே கவனித்திருக்கிறார். ஆகவே, பலகை மிகவும் தேவைப்படும் வேளையில்தான் உன் சிவப்பு எழுத்து கைவிட்டுவிடும்.

சிவப்பை அடியோடு விடத் தேவையில்லை. காசிமேட்டில் படகுக்குப் பூசை போடும்போது நீல எனாமல் பூசிய முகப்பில் முதலில் மஞ்சளைக் குழைத்து உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, அதன் நடுவில்தான் குங்குமம் வைப்பார்கள். நீலத்தின்மேல் நேராக இட்டிருந்தால் அந்தக் குங்குமம் கரும்புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். இடையில் மஞ்சள் இருப்பதால் கரையில் நின்றாலும் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. உன் பலகையிலும் சிவப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு மஞ்சள் வட்டமோ பட்டையோ கொடுத்து, அதன்மேல் வை.

உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கும் காஞ்சிபுரம் கோர்வைப் புடவையை நினைத்துக்கொள். உடலின் ஊடையும், அதாவது குறுக்கு நூலும், இரு கரைகளின் ஊடையும் நூலைச் சுமந்தோடும் நாடாக்களில் தனித்தனியே ஓடுவதால்தான் கருநீல உடலுக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள் கரை கலங்காமல் நிற்கிறது. நீலப் பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஆரஞ்சு ஊடையை ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து மங்கிவிடும். அதற்கும் தனி அழகுண்டு, ஆனால் அது வேறு நிறம். பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், நீலத் துணிமடிப்புகளின் நிழலுக்குப் பயன்படும் கறுப்பு நூல் வலுவிழந்து தெரிவதாக முறையிட்டார்களாம். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் அப்படிக் காட்டுகிறது என்று கண்டறிந்த அவர், அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். நீலத்தருகே ஆரஞ்சு தன் இயல்பைவிடச் சூடாகத் தெரிவதும் இந்த விதியால்தான். அதனால்தான் சூடான நிறத்தைக் குறைவாக வைக்கச் சொல்கிறேன். பலகையில் பெரும்பகுதி நீலமாகவே இருக்கட்டும். எழுத்து மஞ்சளில், கீழே மெல்லிய ஆரஞ்சுக் கோடு, அந்த மஞ்சள் வட்டத்தில் சிறிதளவு சிவப்பு, அவ்வளவு போதும். நீ வரைந்திருக்கும் நாற்புறப் பூக்கரையை விட்டுவிடுவது நல்லது. எழுத்தைப் பார்க்க விடாமல் அதுவே கண்ணை இழுத்துக்கொள்கிறது.

பெயிண்டர் வரும்போது ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல். மஞ்சளுக்கு அடிநிறத்தை மறைக்கும் சக்தி குறைவு; கருநீலத்தின்மேல் நேராகப் பூசினால் பச்சை ஓடும். பட்டறையில் நேவி நிறப் பனியனுக்கு முதலில் வெள்ளையை அடித்துக் காயவைத்து, அதன்மேல்தான் மஞ்சள் மையை இழுக்கிறோம். பலகையிலும் எழுத்தின் வடிவத்துக்கு வெள்ளை அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு மஞ்சளை இரண்டு கை கொடுக்கச் சொல். வெள்ளை, மஞ்சளுக்கு வெளியே மயிரிழை நீண்டால்கூடக் கருநீலத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதைச் சற்று உள்ளடக்கியே அடிக்க வேண்டும்.

பலகை எந்தத் திசையை நோக்கியிருக்கும், தெருவிளக்கு எந்தப் பக்கம் என்பதை எழுது. மூன்று மஞ்சள்களைத் தகரத் துண்டுகளில் கருநீலத்தின்மேல் பூசி அனுப்பிவைக்கிறேன். மாலையில் வாசலில் சாத்தி வைத்து, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல். அவற்றோடு பெரியவளின் பழைய கதைப் புத்தகங்களும் ஒரு பெட்டியில் வரும்.

அன்புடன்,
உன் வண்ணாரப்பேட்டைத் தோழி