செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாதக் கூட்டம் 11 நடந்தது, ஒன்று மழையில் போயிற்று. தபால்தலை, நாணயக் கண்காட்சி வழக்கம்போல இரண்டு நாள்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றி. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஏலத்தில் எடுத்த 'பாஸியர்ஷைன்' ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1944இல் ஜெர்மன் சிப்பாய்கள் இருந்த இடங்களில் நேசநாட்டுப் படைகள் கொட்டிய அனுமதிச் சீட்டு அது, சரணடைய வருகிறவன் காட்ட வேண்டியது. ஓரமெல்லாம் ரூபாய் நோட்டு மாதிரி பின்னல் வேலை, அமெரிக்க, பிரிட்டிஷ் முத்திரைகள், நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் கையெழுத்து. முத்திரை குத்திய அரசாங்கத் தாளுக்கு ஜெர்மன்காரன் மதிப்புக் கொடுப்பான் என்று கணக்குப் போட்டே அப்படி அச்சடித்தார்கள். இவனை நன்றாக நடத்து, சாப்பாடு போடு, தேவையானால் வைத்தியம் பார், சீக்கிரம் ஆபத்தான இடத்திலிருந்து அப்புறப்படுத்து என்று காவலில் நிற்கும் தங்கள் சிப்பாய்க்கே ஆங்கிலத்தில் உத்தரவு, அதையே ஜெர்மனிலும் போட்டிருக்கிறார்கள். எங்கள் கையில் இருந்த தாளில் நான்காக மடித்த தடம், மடிப்புகள் கூடுகிற இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. யார் மடித்தார்களோ, ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

ஜப்பானியருக்குப் போட்ட சீட்டில் முதலில் 'நான் சரணடைகிறேன்' என்று இருந்தது. சரணடைவது சாவைவிடக் கேவலம் என்று பழக்கப்படுத்தப்பட்ட படை, யார் அதைத் தூக்கிக்கொண்டு வருவான்? அப்புறம் 'நான் எதிர்ப்பை நிறுத்துகிறேன்' என்று மாற்றினார்கள். எதிரியை ஏசுகிற நோட்டீஸைவிட அவன் மானம் போகாமல் வெளியே வர வழி விடுகிற நோட்டீஸ்தான் உயிரைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

இதெல்லாம் எப்படிக் கீழே வந்தது என்று ஒரு தம்பி கேட்டார். உயரத்திலிருந்து அப்படியே கொட்டினால் காற்று எங்கேயோ கொண்டுபோய்விடும், அதனால் ஜேம்ஸ் மன்றோ என்ற அமெரிக்க அதிகாரி 80,000 தாள் பிடிக்கிற அட்டை உருளை ஒன்றைச் செய்தார், அது தரைக்குப் பக்கமாக வந்த பிறகே வெடித்துத் தாளைச் சிதறும். 1991 வளைகுடாப் போரிலும் ஈராக்கியர்மேல் கோடிக்கணக்கில் போட்டார்கள். நாளைக்கு உங்கள் படைப்பிரிவின்மேல் பி-52 விமானம் குண்டு போடும், ஓடிவிடுங்கள் என்று தாளில் இருக்கும், சொன்னபடியே போடவும் செய்தார்கள், அடுத்த தாளை நம்பாமல் என்ன செய்வான்?

அந்தக் காலத்துத் தாள் சீக்கிரம் பழுத்து நொறுங்கும். இப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அமிலமில்லாத உறையில் போட்டு வையுங்கள், உறை வாங்கச் சங்கமே பாதிச் செலவைத் தருவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.