சிப்பம் தூக்கிய கதை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. வெள்ளிக்கிழமை நீ போன் செய்யும்போது அம்மா என்னைப் பற்றி ஒரு புகார் சொல்வாள். அதற்கு முன் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிகிறது, சொல்லாமல் வைத்திருப்பது அது ஒன்று மட்டும் இல்லை. அம்மாவுக்கு என் கிட்னி ஒன்றைக் கொடுத்ததிலிருந்து இந்த ஒன்பது வாரமாக நீ கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்டா" என்றே சொல்லி வந்தேன். பாதி நாள் அது பொய்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வலித்தது வயிறு இல்லை, தோள்பட்டை. நான்கு சின்னத் துளை, அடிவயிற்றில் ஏழு சென்டிமீட்டர் வெட்டு, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். தோளில் யார் கை வைத்தது என்று பயந்துவிட்டேன். கேமரா விட்டுப் பார்ப்பதற்கு வயிற்றுக்குள் கேஸ் அடித்து உப்ப வைப்பார்களாம். அதில் மிச்சம் இருப்பது மேலே ஏறி, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும், அந்த வலி தோளில் தெரியும் என்றார் நர்ஸம்மா. இரண்டு நாள் அப்படி இருந்தது. அப்புறம் வயிறு மத்தளம் மாதிரி. காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு என்று காலையும் மாலையும் வந்து "போச்சா ஐயா?" என்று கேட்பார்கள். ஐம்பத்தேழு வயதில் அந்தக் கேள்விக்கு ஆவலோடு பதில் சொல்லும் நிலைமை.

மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள், நுரையீரலுக்குப் பயிற்சி. நான் ஒரு நாள் முழுக்க அதை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டுமாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தலையணையோடுதான் ஐந்தாம் நாள் மதுரையிலிருந்து திண்டுக்கல் வந்தேன். நான்கு வழிச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. நம் ஊருக்குள் நுழைந்த பிறகு வந்த ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெட்டு சரியாகக் கைலி கட்டும் இடத்தில் இருக்கிறது. முடிச்சு அதன் மேலேயே உட்காரும். ஒரு மாதம் உன் தாத்தா மாதிரி நெஞ்சுக்குக் கீழே ஏற்றிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். உன் அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

போனில் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அம்மா பக்கத்தில் இருப்பாள், கடையில் ஆள் இருக்கும். இடது விரையில் ஒரு வலி, மூன்று வாரம் இருந்தது. எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. டாக்டரிடம் கேட்கவே எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இடது கிட்னியை எடுக்கும்போது அந்தப் பக்கம் இறங்கும் ரத்தக்குழாய் ஒன்றைக் கட்டிவிடுவார்கள், சில ஆண்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்றார். போயும் விட்டது. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆனால் உன்னிடம் மறைத்ததில் பெரியது வலி இல்லை, எரிச்சல்.

அம்மாவின் நிலைமை உனக்குத் தெரியும். இரண்டரை வருடம், வாரம் மூன்று டயாலிசிஸ், தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடித்தவள். கோடையில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். கிட்னி வைத்த அன்றே அவளுக்குச் சிறுநீர் வந்துவிட்டது. நாலாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள், இன்னொன்று ஊற்றச் சொன்னாள். முகத்தில் கருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. எனக்குக் கண் நிறைந்தது உண்மை. அன்று ராத்திரியே, எழுந்து பாத்ரூம் போக ஆள் பிடிக்க வேண்டியிருந்தபோது, வேறு ஒன்றும் தோன்றியது. நன்றாக இருந்தவன் நோயாளியாகப் படுத்திருக்கிறேன், நோயாளியாக வந்தவள் எழுந்து நடக்கிறாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைப் பற்றியே விசாரிக்கிறார்கள். அது நியாயம்தான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்த பிறகு அது கூடிற்று. பத்து மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் பதினொன்றுக்குக் கண் சொருகும். அப்படி ஒரு அசதியை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு நாள் ரசத்தில் உப்பில்லை என்று அம்மாவிடம் கத்திவிட்டேன். எங்கள் இருவருக்கும் உப்பைக் குறைக்கச் சொன்னதே டாக்டர்தான். அவள் அமைதியாக, "வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது.

ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனபோது கொடுத்தவர்கள் வரிசையில் ஐந்து பேர். ஆண் நான் ஒருவன்தான். மற்ற நாலு பேரும் அம்மாக்கள், மனைவிகள். பக்கத்தில் இருந்தவர் மகனுக்குக் கொடுத்தவர். "குடம் தூக்கக் கூடாதுன்னாங்க. நான் தூக்காம வேற யாரு தூக்குவா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டாராம். எனக்குக் கடைப்பையன் இருந்தான், சமைத்துப் போட உன் அத்தை இருந்தாள். அதற்கப்புறம் என் அசதியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அன்றைய ரிப்போர்ட்டைத்தான் நீ பார்த்துவிட்டு மஸ்கட்டிலிருந்து நடுராத்திரியில் போன் செய்தாய். கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்தில் தங்கும் அளவு, முன்பு 0.9, இப்போது 1.4. வடிகட்டும் திறன் 58 என்று போட்டு, மூன்றாம் நிலை கிட்னி நோய் என்று லேப் காகிதமே அச்சடித்துத் தருகிறது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அது இரண்டு கிட்னிக்காரனின் அளவுகோல் என்றார் டாக்டர். மிச்சம் இருக்கும் ஒன்று சில வாரங்களில் கொஞ்சம் பெருத்து வேலையைக் கூட்டிக்கொள்ளும், மொத்தத்தில் பழைய திறனில் அறுபது, எழுபது சதவீதம் வந்து நிற்கும், சிறுநீரில் புரதம் போகவில்லை, பிரஷர் சரி, அதனால் இது நோய் இல்லை என்றார். வருடா வருடம் இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும். 1954-இல் அமெரிக்காவில், பாஸ்டனில், ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்தாராம். அதன் பிறகு 56 வருடம் இருந்தாராம், கணக்கு வாத்தியார் வேலையோடு விவசாயமும் பார்த்துக்கொண்டு. எனக்கு அந்த விவசாயம்தான் பிடித்தது.

மாத்திரை விஷயத்தில் நீ கவலைப்பட வேண்டாம். போன வாரம் பல்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் எடுத்துக் கொடுத்தார்கள். அது கிட்னிக்கு ஆகாது, அட்டையைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, பாராசிட்டமால் வாங்கிக்கொண்டேன். உன் அத்தை கொண்டுவந்த லேகியம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடாதே.

நீதான் கொடுப்பேன் என்று நின்றாய், நான் விடவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு தினமும் குரலைத் தாழ்த்தி "வலிக்குதாப்பா" என்று கேட்கிறாய். இருபத்தேழு வயதுப் பிள்ளையை வரிசையில் எனக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனது வராது. பேச்சு முடிந்தது. இனி நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். அதற்குத்தான் இல்லாத நாட்களையும் எழுதிவிட்டேன்.

சரி, புகாருக்கு வருகிறேன். மூட்டையெல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான் என்பது உத்தரவு. நேற்று ஒரு பாட்டி 26 கிலோ பொன்னி அரிசிச் சிப்பம் வாங்கினார். ஆட்டோக்காரர் அவசரப்பட்டார், பையன் டீ வாங்கப் போயிருந்தான். தூக்கிவிட்டேன். இடுப்பு உயரம் வந்ததும் இடது பக்கம் சுரீர் என்றது, அப்படியே கீழே வைத்துவிட்டேன். குடல் இறக்கம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் இன்று காலை தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார், திட்டியும் விட்டார். பையன் வீட்டில் போட்டுக் கொடுத்துவிட்டான். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வருகிறது.

வெள்ளிக்கிழமை நீ எதுவும் தெரியாத மாதிரியே பேசு. அவள் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும், நடுவில் எனக்காகப் பேசாதே.

அன்புடன்,
அப்பா