கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்: மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன். 26 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். இப்போது ஒரு பேத்திக்குப் பாட்டி. அந்தப் பேத்தி பிறந்த இரவைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மகளுக்கு அது தலைப்பிரசவம். தாய்சேய் கிளினிக்குக்கு ஒரு தவணைகூடத் தவறாமல் போனாள். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீர், இரும்புச்சத்து எல்லாம் பார்த்து அந்த ரோஸ் கலர் புத்தகத்தில் எழுதினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டாம் மாதம் ஒருநாள் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் வெள்ளந்தியாக, "மிஸ்ஸி, நான் ஆக்கார் காயு குடிக்கிறேன், பரவாயில்லையா?" என்று நர்ஸிடம் கேட்டுவிட்டாள். ஆக்கார் காயு என்றால் நாட்டு வேர் மருந்து. கூடம் முழுக்கக் கேட்கும்படி மிஸ்ஸி கத்தினாராம். பிள்ளை செத்தால் எங்களிடம் அழுதுகொண்டு வராதே என்றாராம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனாள் என்று என் மகள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "என்னைக் கேட்டா இல்லைன்னு சொல்லிடுவேம்மா" என்றாள்.

ஏனென்றால் அவளும் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய மூலிகை மாத்திரை, சுகப்பிரசவத்துக்கு உடம்பைத் தயார் செய்யுமாம். பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய்க்கார அம்மா, தந்த பூங்கா ஃபாத்திமா வேறு. உங்களுக்குத் தெரியாததல்ல. மக்காவுக்குப் போனவர்கள் கொண்டுவரும் பாலைவனச் செடி. காய்ந்து உருண்டு கிடப்பது, தண்ணீரில் போட்டால் மெல்ல விரியும். அது விரிவதுபோல் கர்ப்பவாயும் விரியும் என்று நம்பி அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். என் காலத்தில் மருத்துவச்சி சீரகத் தண்ணீர் கொடுத்தாள், வலி எடுக்காவிட்டால் விளக்கெண்ணெய் கொடுத்தாள். அப்படி வந்த கை இது.

நாள் தள்ளிப் போனதால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலி வர மருந்து வைத்தார்கள். மருமகன் லோரியோடு கிளந்தானில் இருந்தார். வைப்பதற்கு முன் டாக்டர் கேட்டாராம், வேறு ஏதாவது சாப்பிட்டாயா என்று. அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். நள்ளிரவில் எனக்குப் போன் செய்து, "இடைவெளியே இல்லாம வலிக்குதும்மா" என்றாள். அத்தோடு போன் நின்றுவிட்டது.

நான் டாக்சி பிடித்து ஓடினேன். காலி ஃபிளாஸ்க்கும் மாத்திரைப் போத்தலும் கையில். ஜாகா, வாசல் காவலாளி, உள்ளே விடவில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டது, காலையில் வாங்க என்றார். அவர் வேலையை அவர் செய்தார். டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மலாயில் கெஞ்சினேன். என்ன வார்த்தை என்று கேட்டார். என் வாயில் வார்த்தை வரவில்லை. சொன்னால் மகளைத் திட்டுவார்களே என்று அந்த நேரத்திலும் பயந்தேன், ஐயா. வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு அந்தப் போத்தலோடு விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, ஆப்பரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள். எடுத்துக் கொடுத்த டாக்டர்களுக்கு ஆயுசுக்கும் நன்றி.

நாங்கள் குடித்ததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வலி வர வைக்கும் மருந்து தனியாகவே சிலருக்கு அப்படிச் செய்யுமாம். ஆனால் கர்ப்பப்பையை இறுக்கக்கூடிய ஒன்று ஏற்கனவே உடம்பில் இருந்தால், அதைத் தெரிந்துகொண்டுதானே மருந்து வைக்க வேண்டும்? இறுக்கம் விட்டு விட்டு வந்தால்தான் குழந்தைக்குக் காற்று போகும் என்று பிறகு ஒரு டாக்டரே எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். 32-வது வாரத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணிடமும், வீட்டில் என்ன குடிக்கிறாய் என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். சொன்னதைப் புத்தகத்தில் எழுதுங்கள்.

எல்லாமே விஷம் என்று ஒரே அடியாய் அடித்தால் யாரும் நம்பமாட்டார்கள். என் தங்கை மகள் தேடிப் படித்துச் சொன்னாள். ஜோர்தானில் கடைசி 4 வாரம் தினம் 6 பேரீச்சம்பழம் சாப்பிட்ட பெண்களுக்கு வலி தானாக வந்தது அதிகம் என்று 2011-இல் எழுதியிருக்கிறார்கள். ராஸ்பெரி இலை மாத்திரையை 192 பெண்களிடம் சிட்னியில் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். பிரசவத்தின் முதல் கட்ட நேரம் குறையவில்லை, முக்கிப் பெறும் கட்டம் மட்டும் ஏறக்குறைய 10 நிமிடம் குறைந்தது. அதே சமயம் புளூ கோஹோஷ் என்ற வேரைப் பிரசவத்துக்காகச் சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு இதயம் செயலிழந்ததை 1998-இல் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை எங்களுக்குத் தமிழில் யார் சொல்கிறார்கள்? கிளினிக் சுவரில் இருப்பதெல்லாம் மலாய்.

அந்த மாத்திரைப் போத்தலில் அரசாங்கம் தரும் எம்ஏஎல் (MAL) மருந்துப் பதிவு எண்ணும் இல்லை, அசல் என்று காட்டும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லை. பட்டப்பகலிலா விற்கிறார்கள் என்று கேட்காதீர்கள், விளக்குப் போட்டு வாராவாரம் விற்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சத்தம் போட ஆள் இல்லை, நிறைமாதக்காரியிடம் சத்தம் போட ஆள் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தவரை ஒரு டிரேசர், தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர், இருந்தார், எந்த வீட்டில் எந்தக் கஷாயம் கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், எங்களைத் தாமானுக்கு, வீடமைப்புப் பகுதிக்கு, அனுப்பினார்கள். டிரேசருக்குப் பதிலாக எங்களுக்கு யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். மிஸ்ஸிமார்களுக்கு எவ்வளவு கூட்டம், எவ்வளவு வேலை என்று வரிசையில் உட்காருகிற எங்களுக்குத் தெரியும். ஒரு கேள்விதான் கேட்கிறேன். கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள், எழுதுங்கள்.

அடுத்த மாதம் என் மருமகளுக்கு 32 வாரம் ஆகிறது. வீட்டில் இருக்கிற வேர், பொடி, போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நானே அவளோடு எடுத்து வருகிறேன். தயவுசெய்து மேசையில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பணிவுடன்,
தோட்டத்துப் பாட்டி ஒருத்தி