அத்தோ வண்டிகளை மாலையில் வந்து கணக்கெடுங்கள்: நகர விற்பனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியில் சாலையோர வியாபாரிகளுக்கான நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களுக்கும், வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் பணியாற்றும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தார். சம்பள நாளன்று மாலையில் எங்களை அவர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச். அங்கே அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உட்காருவதற்கு மரப் பலகை, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான். நாங்கள் பார்த்த முதல் ஓட்டல் அதுதான்.

வண்டிக்காரர் எவர்சில்வர் பேசினில் ஒரு பிடி மஞ்சள் நூடுல்ஸை எடுத்துப் போடுவார். அதன்மேல் மெல்லிய இழையாகச் சீவிய முட்டைக்கோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர், இடித்த மிளகாய், உப்பு. பிறகு பேஜோவை, அந்த மொறுமொறு வடைத்தட்டை, உள்ளங்கையில் வைத்து நொறுக்குவார். அந்தச் சத்தம் கேட்டவுடன் என் தங்கை பலகையில் நேராக நிமிர்ந்து உட்காருவாள். கரண்டி தொடாமல் விரல்களாலேயே புரட்டி, கொத்தமல்லி தூவித் தட்டில் வைப்பார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சூப், மிளகு காரத்தோடு, ஆவி பறக்க. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். “சூப்பை முதலில் குடி, தொண்டை திறக்கும்” என்பார் அப்பா. அவர் தட்டில் இருக்கும் பேஜோத் துண்டுகள் எப்போதும் எங்கள் தட்டுக்குத்தான் வந்து சேரும்.

பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் பிசைந்து கலந்த பண்டம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் நம் மக்கள்தான். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாக அங்கே கடையும் வயலும் வைத்திருந்த தமிழர்கள் கையில் எதுவும் இல்லாமல் கப்பல் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே 1969இல் பர்மா பஜார் உருவானது. வியாசர்பாடியில் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. நகையும் நிலமும் போன பிறகு அவர்களிடம் எஞ்சியிருந்தவற்றில் கைப்பக்குவமும் ஒன்று. அதைத்தான் இன்றும் அந்த வண்டிகளில் நாம் சாப்பிடுகிறோம்.

இந்த வண்டிகளுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் நாங்கள் ஏற்கெனவே இழந்த சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் என் பயம் உங்களுக்குப் புரியாது.

என் மாமா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினார். பள்ளி விடுமுறையில் ஒருமுறை அவரோடு போனேன். விடியற்காலை மூன்று மணி. காய்கறி லாரிகளுக்கு நடுவே நடந்து, கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நுழைந்தோம். அங்கே ஒரு சின்ன ஓட்டல். கல் பதித்த நான்கு மேசைகள். சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே ஆட்கள் பொங்கலும் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் வேறெங்கும் சூடாக எதுவும் கிடைக்காது. காசு கொடுத்தவர்கள் குறைவு. கல்லாவில் இருந்த பெரியவர் நீளமான பற்று நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கோடு போட்டார். மாமாவின் பெயருக்கு நேரே அன்றைக்கு இரண்டு கோடுகள் விழுந்தன, ஒன்று எனக்கு.

1996இல் மொத்த விற்பனைச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். லாரி திரும்ப வழியில்லாத அந்த நெரிசலில் மூட்டை சுமந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆனால் சந்தை போன பிறகு அந்த ஓட்டலுக்கு யார் வருவார்கள்? மாமா ஒரு மாதம் கழித்துக் கோயம்பேட்டிலிருந்து பஸ் ஏறி, பாக்கியைக் கொடுத்துவிட்டு வரப் போனார். அவருக்கு முன்பே நாலைந்து பேர் அதே காரியமாக வந்து நின்றிருந்தார்களாம். மேசைகளில் இரண்டு கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. பெரியவர் ஒவ்வொரு பெயரையும் அடித்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாராம். அந்தத் தீபாவளிக்குக் கடை இல்லை. இப்போது அங்கே பிளாஸ்டிக் சாமான் கிடங்கு இருக்கிறது.

அதே 1996இல்தான் பெரம்பூரில் பின்னி மில்லும் மூடியது. ஷிப்டு விடும் நேரத்துக்காகவே அடுப்பு மூட்டிய டீக்கடைகள் அதோடு அணைந்தன. 2002இல் வெளியூர் பஸ்கள் பிராட்வேயை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின. கையில் பையோடு இறங்கி, ஒரு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் அதன்பின் பாரிமுனையில் இல்லை. மூன்றுமே பெரிய முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஒரு சந்தையை நகர்த்தும்போது கடைகளை எண்ணுகிறோம், பஸ் நிலையத்தை நகர்த்தும்போது வழித்தடங்களை எண்ணுகிறோம். அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டவர்களை யாரும் எண்ணவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

இப்போது வடசென்னைக்கு மறுபடியும் பெரிய வேலைகள் வந்திருக்கின்றன. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் திருவொற்றியூரில் இறங்கி, வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வழி நெடுக அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிராட்வேயில் புதிய வளாகம் எழட்டும். தெருக்கள் அகலமாகட்டும். அந்த வரைபடங்களில் தள்ளுவண்டிகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. உங்கள் குழுவே அந்தச் சட்டத்தால் உருவானது. குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. சாலையோர வியாபாரிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் நடத்திவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது அந்த வரி. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பர்மா பஜார் தொடங்கி 2019இலேயே ஐம்பது ஆண்டு நிறைந்துவிட்டது. அதன் நிழலில் வளர்ந்த அத்தோ வண்டிகளின் வரிசையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க உங்கள் குழு பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். அதை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனால் வெற்று நடைபாதையைத்தான் பார்ப்பீர்கள். வண்டிகள் வெளிச்சம் சாயும்போதுதான் வரும். பகலில் எடுத்த பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. பட்டியலில் இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். ஆகவே மாலை ஆறு மணிக்கு வாருங்கள். எத்தனை ஆண்டுகளாக இங்கே கடை போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு ரசீது கேட்காதீர்கள். தள்ளுவண்டிக்காரரிடம் 1970களின் ரசீது எங்கே இருக்கும்? பர்மாவிலிருந்து திரும்பியபோது கொடுக்கப்பட்ட காகிதத்தைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு, அதைப் பாருங்கள். எதிர்க்கடைக்காரரின் வாய்மொழியைச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடை ஜிலேபியைப் பற்றியோ, சௌகார்பேட்டையில் நெய் மிதக்கும் சீனா பாய் கடை இட்லியைப் பற்றியோ எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊரெங்கிலுமிருந்து தேடி வருகிறார்கள். நன்றாக இருக்கட்டும். பெயர்ப்பலகையே இல்லாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. தண்டையார்பேட்டைச் சந்துகளில் வீட்டு வாசலிலேயே ஆப்பச்சட்டியை வைத்துக்கொண்டு நாஷ்டா விற்கும் ஆயாக்கள், இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் விற்பவர்கள், ரமலான் மாதத்தில் மண்ணடியில் நடைபாதை முழுக்க முளைக்கும் பலகாரத் தட்டுகள், காசிமேட்டில் மசாலா தடவிய நெத்திலியைப் பொரித்துத் தரும் பெண்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாட்டிறைச்சி பிரியாணி விற்கும் வண்டிகளும் இதில் சேரும். உழைக்கிறவர்கள் குறைந்த காசில் வயிறார உண்ணும் உணவு அது. அந்த வண்டிகளையும் மற்ற வண்டிகளுக்குச் சமமான மரியாதையோடு எழுதிக்கொள்ள வேண்டும். முகம் சுளிக்கும் ஆளைக் கணக்கெடுக்க அனுப்பாதீர்கள்.

வண்டிக்காரர்களிடம் குறை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தட்டுக் கழுவும் தண்ணீர் ஒரே வாளியில் மணிக்கணக்கில் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் ஒரு குழாய், கழிவுநீர் போக ஒரு வழி, இரவு பதினொரு மணிவரை விளக்கு. இவற்றைச் செய்துகொடுத்துவிட்டு, பிறகு சுத்தத்தைக் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். எங்கள் குழந்தைகளும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. பல் இல்லை, அத்தோ மெல்ல முடியாது. சூப் மட்டும் கேட்பார். சனிக்கிழமைதோறும் தூக்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறேன். முன்பு எங்களுக்குப் பிசைந்து கொடுத்தவர் இப்போது வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிசைவது அவருடைய மகன். போன வாரம் இந்தச் சட்டத்தைப் பற்றி அந்த மகனிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். “அண்ணா, கணக்கெடுக்க என்றைக்கு வருவார்கள்? அன்றைக்கு அப்பாவின் காகிதத்தை எடுத்து வைக்கிறேன்” என்றார்.

வரும் சனிக்கிழமையும் போவேன். தேதியைச் சொல்லுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி ஒருவன்