100 கிலோவுக்குக் கை கொடுத்த உங்களுக்கு

மலேசியாவின் பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கும், எங்கள் மாலை வகுப்பு அக்கா தங்கைகளுக்கும், பயிற்றுநர் தம்பிக்கும் என் அன்பு வணக்கம்.

போன சனிக்கிழமை நம் பயிற்சிக் கூடத்தில் நடந்த 'டோட்டல்' நாளில் பேக் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 75 கிலோ, ஷோல்டர் பிரஸ் (தோளில் இருந்து தலைக்கு மேலே தூக்குவது) 32.5 கிலோ, டெட்லிஃப்ட் (தரையில் இருந்து தூக்கி நிமிர்வது) 100 கிலோ தூக்கினேன். மொத்தம் 207.5. வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேராக அந்த எண் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் பதில் போட்டுவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. வாழ்த்து எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது; அதில் பங்கு உள்ளவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையாக நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வகுப்பு கிராஸ்ஃபிட் முறையைத் தழுவியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மன் என்பவர் 2000இல் நிறுவிய கம்பெனி அது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தனியாக உரிமம் வாங்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை, அதனால் பலகையிலும் எழுதவில்லை. ஒரு மணி நேர வகுப்பில் முதலில் உடம்பைச் சூடாக்குவோம், அப்புறம் எடைப் பயிற்சி, கடைசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேகப் பயிற்சி. எல்லாரும் ஒன்றாகச் செய்வோம். 'டோட்டல்' என்பது அந்த முறையில் உள்ள ஒரு பலப் பரீட்சை. ஸ்குவாட், பிரஸ், டெட்லிஃப்ட் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் வருவதுதான் மொத்தம்.

முதல் நன்றி பயிற்றுநர் தம்பிக்கு. தம்பி, நான் வந்த புதிதில் நீங்கள் என் கையில் இரும்பைக் கொடுக்கவே இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொடுத்து, குனிந்து நிமிரச் சொன்னீர்கள். பக்கத்தில் இருபது வயசுப் பிள்ளைகள் தட்டு மேல் தட்டாக ஏற்றிக்கொண்டிருந்தபோதும் என்னை அவசரப்படுத்தவில்லை. "முதல்ல முறை சரியா வரணும்க்கா. அப்புறம் அது தினமும் சரியா வரணும். அதுக்கப்புறம்தான் வேகம், எடை எல்லாம்" என்றீர்கள். கிராஸ்ஃபிட் பாடத்திலேயே வரிசை அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் பாடத்தில் இருப்பது வேறு, நாற்பத்தெட்டு வயசுப் பெண்ணின் முழங்காலைப் பார்த்துப் பார்த்து அதை நடத்திக் காட்டுவது வேறு.

டெட்லிஃப்டுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். கம்பி பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முழங்காலை மடக்கும்போது கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு கம்பியைத் தொட வேண்டும். மூச்சை நெஞ்சுக்கு இழுக்காமல் வயிற்றுக்கு இழுத்து இறுக்க வேண்டும். அக்குளில் செய்தித்தாளை இடுக்கி வைத்திருப்பதுபோல் தோளைக் கீழே பூட்ட வேண்டும். கடைசியாக, "கம்பியத் தூக்கணும்னு நெனைக்காதீங்க. காலால தரையத் தள்ளுங்க." சனிக்கிழமை 15 கிலோ பாரில் பக்கத்துக்கு இரண்டு இருபது கிலோ தட்டும், ஒரு இரண்டரை கிலோ தட்டும் ஏறியிருந்தன. முதலில் கம்பி அசையவே இல்லை. பாரின் இரண்டு முனைகளும் மட்டும் லேசாக வளைவது தெரிந்தது. நான் தரையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். தட்டு தரையை விட்டது, கம்பி முழங்காலைத் தாண்டியது, நின்றுவிட்டேன். அந்த ஒரு நொடியில் எனக்குக் கேட்டது உங்கள் குரல் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கேட்டது தண்டவாளச் சத்தம். எங்கள் கூடத்தில் யார் தன் பழைய எடையைத் தாண்டினாலும் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். பல ஊர்களில் இதற்கு மணி வைத்திருப்பார்கள், இங்கே தண்டவாளம். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிட அடித்தது அதேபோன்ற துண்டைத்தான். அன்றைக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்துக்கு எழுந்த உடம்பு அது.

அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? ஊருக்கு வெளியே உள்ள ரப்பர் தோட்டத்தில் நிரை பிடித்து, தனக்கு ஒதுக்கிய மர வரிசையில் பால் வெட்டியவர். மேட்டுக்காட்டில் மரம் மரமாக ஏறி இறங்கி, மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்ற காவடிக் கட்டை போட்டு இரண்டு வாளியையும் தோளில் சுமந்து சறுக்கும் மண் பாதையில் ஸ்டோருக்கு இறங்கி வருவார். ஒரு சொட்டு சிந்தாமல் வர வேண்டும், சிந்தினால் கூலி போச்சு. இடுப்பை இறுக்கி, முதுகை நேராக வைத்து, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நடப்பதைக் குழந்தையில் பார்த்திருக்கிறேன். இன்று நாங்கள் இரண்டு கையிலும் கெட்டில்பெல் என்ற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்குத் தம்பி சொல்லிக்கொடுக்கும் முறையும் அதுதான். ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எடை போட்டுக் கணக்கில் எழுதினார். ஆனால் எழுதியது பாலின் எடையை. அதைச் சுமந்து வந்தவரின் பலத்தை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தோட்டம் இப்போது செம்பனை என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டமாகிவிட்டது, லயத்து வீடுகளும் இல்லை. என் பெயருக்கு நேராக எண் எழுதிய பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு மேலே எழுத வேண்டிய பெயர்கள் எத்தனை என்றுதான் தோன்றுகிறது. அம்மா, உன் தோளும் உன் பாட்டாளிப் பிடிவாதமும் எனக்கு வந்ததற்கு நன்றி.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அம்மா அந்தக் கறுப்புத் தட்டைத் தடவிப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார். "ரப்பராடி?" என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, இன்னொரு தட்டையும் தொட்டுப் பார்த்தார்.

தட்டு என்றதும் அடுத்த நன்றி. ரப்பர் தட்டுகள் விலை அதிகம். கீழே போட்டால் தரையும் உடையாது, பாரும் கெடாது என்பதால் அதுதான் வேண்டும் என்று தம்பி சொன்னபோது எங்களிடம் பணம் இல்லை. காய்கறிக் கடை அண்ணன், தையல்கடை அக்கா, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் தம்பதி, ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் என்று ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டீர்கள். பட்டியலைப் பார்த்த அம்மா, "சம்பந்தன் காலத்து மாதிரி இருக்கு" என்றார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். அதன் பக்கத்தில் எங்கள் தட்டுகள் சின்ன விஷயம்தான். ஆனால் கூடிப் போட்டு வாங்குவது இந்த ஊருக்குப் பழக்கமான வேலை என்பது எனக்குப் பெருமை.

கூடம் நடக்கும் கடையை வாடகைக்கு விட்ட தவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, நன்றி. தட்டு விழும் சத்தத்துக்குப் பக்கத்துக் கடைகளைச் சமாதானப்படுத்தியவரும் அவரே. தரையில் விரிக்கப் பழைய பெல்ட் துண்டுகளைக் கொடுத்த டயர் கடைக்காரருக்கும், லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய தம்பிகளுக்கும் நன்றி.

அரசாங்க கிளினிக்கில் என்னைப் பார்க்கும் டாக்டருக்கும் மலாய்க்கார மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருப்பது ஊருக்கே தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நம் வீடுகளில் இது வந்தால் "இனி பாரம் தூக்காதே, ஓய்வெடு" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்த டாக்டர் மட்டும்தான் உட்கார வைத்து விளக்கினார். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தசை கூடக் கூடச் சர்க்கரை தங்குவதற்கு இடமும் கூடும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனமே 2020இல் பரிந்துரைத்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு வெள்ளி கட்டி வந்த நோயாளிக்குப் பொறுமையாகச் சொன்னார். மிஸ்ஸி இன்னும் ஒரு படி மேலே போய், வகுப்புக்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவும், பையில் எப்போதும் இனிப்பு ஏதாவது வைத்திருக்கவும் பழக்கினார். சில மாத்திரைகளோடு கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதனால் யாரும் என்னைப் பார்த்துத் தாங்களாகவே மாத்திரையைக் குறைக்காதீர்கள். எனக்குக் குறைத்தது டாக்டர், அதுவும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு. என் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை (HbA1c) 8.6இல் இருந்து 6.7க்கு இறங்கியிருக்கிறது. 100 கிலோவைவிட இந்த எண் எனக்குப் பெரிசு.

அப்புறம், எங்கள் மாலை வகுப்பு. இரவு ஷிஃப்டுக்குப் போகும் முன் வந்து நிற்கும் ஆலைத் தொழிலாளி அக்கா, பாலர் பள்ளி ஆசிரியையான மலாய்க்கார அக்கா, பிள்ளையைத் தள்ளுவண்டியில் தூங்க வைத்துவிட்டு வரும் தங்கச்சி. 'சிண்டி' என்று ஒரு பயிற்சி உண்டு. இருபது நிமிஷம், ஐந்து புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), பத்து புஷ்-அப், பதினைந்து ஸ்குவாட், எத்தனை சுற்று முடியுமோ அத்தனை. புல்-அப் வராதவர்கள் வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து இழுப்போம். பத்து நிமிஷம் தாண்டியதும் கை சொன்னபடி கேட்காது. அப்போது என் பக்கத்தில் இருந்தவர் தன் எண்ணிக்கையை விட்டுவிட்டு என் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார். நேரக் கணக்குப் பயிற்சி என்றால், முதலில் முடித்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். கடைசி ஆள் முடிக்கும் வரை சுற்றி நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கடைசி ஆளாக நான் இருந்த நாட்கள் நிறைய. உங்களில் ஒருவர்கூடத் தண்ணீர் குடிக்க நகர்ந்ததில்லை. தனியாக இருந்திருந்தால் பாதியிலேயே கம்பியை வைத்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செம்பனைக் குலை வெட்டும் அண்ணனுக்கு ஒரு தனி வார்த்தை. நாள் முழுக்கக் குலை வெட்டி, ஏற்றி, அதற்குப் பிறகும் வகுப்புக்கு வருவீர்கள். கம்பி என் கையில் நழுவுவதைப் பார்த்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் மேல் மற்ற விரல்களைப் பூட்டும் பிடியை உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது நீங்கள்தான் அண்ணே. முதலில் விரல் வலித்தது. இப்போது அந்தப் பிடி இல்லாமல் தூக்க முடியாது.

வீட்டில், நான் வரும்முன் சோறாக்கி வைக்கும் என் வீட்டுக்காரருக்கும், ஒவ்வொரு காணொளியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து "முதுகு வளையுதும்மா" என்று சொல்லும் மகளுக்கும் நன்றி. என் அத்தைக்கு இந்த வயசில் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு போவது பிடிக்கவில்லைதான். இப்போது நான் படியேறும்போதே "இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்கிறார். சனிக்கிழமை எண்ணைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்குப் போய் அவரே சொல்லிவிட்டு வந்தார். அத்தை, அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் நடக்கிறது. இந்த வாரத்தில் இருந்து சனிக்கிழமை காலை ஒரு புது வகுப்பும் உண்டு, அறுபது தாண்டிய அம்மாக்களுக்கு. மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, லேசான வாளியைத் தூக்கி நடப்பது வரைக்கும்தான். முதல் பெயர் கொடுத்திருப்பது என் அம்மா. பலகையில் அவருக்கென்று ஒரு வரி ஒதுக்கி, எண்களைத் தன் கையாலேயே எழுதுவதாகச் சொல்லியிருக்கும் பயிற்றுநர் தம்பிக்கு இன்னொரு முறை நன்றி.

உங்கள் அன்புச் சகோதரி,
மாலை வகுப்பு, சுங்கை சிப்புட்