சிமெண்ட் கால் வார்த்த தேதியைப் போட்டு விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் தோட்டத்துக்கு வேலி போடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முள்கம்பி எத்தனை வரிசை, வலை எத்தனை அடி உயரம், ஏக்கருக்கு என்ன செலவு என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள், நல்லது, ஆனால் இத்தனையையும் தாங்கி நிற்கப்போகிற சிமெண்ட் காலைப் பற்றி ஒரே வரியோடு முடித்துவிட்டார்கள். எங்கள் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் வேலி சாய்ந்து கிடக்கும் தோப்புகளைப் போய்ப் பாருங்கள். கம்பி நன்றாகவே இருக்கும், கால்தான் ஒடிந்திருக்கும்.

முன்பெல்லாம் கல்லுக்கால்தான் நடுவார்கள். இப்போது அது விலையும் அதிகம், ஆளும் அதிகம் வேண்டும் என்பதால் எல்லோரும் சிமெண்ட் காலுக்கு வந்துவிட்டோம். ஒழுங்காக வார்த்த சிமெண்ட் கால் நன்றாகவே உழைக்கும், மின்வாரியம் நட்ட கான்கிரீட் கம்பங்கள் மழையிலும் காற்றிலும் நிற்பதைத் தினமும் பார்க்கிறோமே. ஆனால் பல பட்டறைகளில் போன வாரம் வார்த்த காலை இந்த வாரம் டிராக்டரில் ஏற்றிவிடுகிறார்கள். எப்போது வார்த்தது என்று கேட்டால் "அதெல்லாம் நல்லா காஞ்சிடுச்சுங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலே தப்பு. கான்கிரீட் வெயிலில் காய்ந்து கெட்டியாவதில்லை, சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்துதான் இறுகுகிறது, முதல் வாரத்தில் ஈரம் போய்விட்டால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். ஏழாம் நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும், முழு பலத்துக்கு 28 நாள் என்பதுதான் கணக்கு. வீட்டுக்குத் தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிற நாம் வேலிக்கால் வாங்கும்போது மட்டும் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம் காலுக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பி. நாலு கம்பி போட்டிருக்கிறோம் என்பார்கள், சரி, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பியைச் சுற்றி முக்கால் அங்குலமாவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் இறங்கித் துருப்பிடிக்கும், துரு ஏற ஏறக் கம்பி பருக்கும், கால் நீளவாக்கில் வெடிக்கும். காலின் முனையைப் பார்த்தாலே பெரும்பாலும் கம்பி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இறக்கும்போதும் கவனம் வேண்டும், வண்டியிலிருந்து தொப்பென்று தள்ளிவிட்டால் மயிரிழை விரிசல் விழும், அது அன்றைக்குக் கண்ணில் படாது.

நடுவதிலும் அவசரம்தான். ஏழு அடிக் கால் என்றால் இரண்டு அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஆழம் வேண்டும், ஏனென்றால் அது மழையில் உப்பிக் கோடையில் பிளந்து காலை ஆட்டிவிடும். இடையில் வரும் கால்களுக்குக் கல்லும் மண்ணும் போட்டுக் கடப்பாரையால் நன்றாக இடித்தால் போதும். மூலைக்கால் அப்படியில்லை. இரண்டு பக்கக் கம்பியும் இழுக்கும் இழுப்பு முழுவதும் அதன்மேல்தான் விழும், அதற்குக் குழியில் கான்கிரீட்டும் வேண்டும், இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக் கொடுத்துத் தாங்கும் முட்டுக்காலும் வேண்டும். முட்டுக்காலை மிச்சம் பிடிக்கிறோம் என்று விட்டுவிட்டு, குழியில் போட்ட கான்கிரீட் இறுகும் முன்பே மறுநாள் காலையில் கம்பியை முறுக்கி இழுப்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறேன். ஒரு வாரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. குழி தோண்டும்போது சர்வே கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி அது குற்றம், அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வருவதும் இதனால்தான். நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம் இப்போது அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது, அதை வைத்து அளந்து, பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டு நிற்க வைத்து நூல் கட்டிவிட்டு, அதன் பிறகு குழி போடுங்கள்.

சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, சாதாரண வேலிக்காலுக்கும் ஒரு தர அளவைச் சொன்னால் என்ன? கலவை எப்படி, கம்பி எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் விட்டது என்பதோடு, ஒவ்வொரு காலிலும் வார்த்த தேதியைப் பதித்துத்தான் விற்க வேண்டும் என்று பட்டறைகளுக்கு உத்தரவு போட வேண்டும். ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் கீறினாலே போதும், காசு செலவில்லை. உங்கள் நாளிதழ் இதை எடுத்து எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். அதுவரை கால் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் தேதியைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
உடுமலை வட்டம்