ஐந்து அரசுக் கட்டடங்களை வெளிப்புற ஆன்டெனா வைத்து இணைக்க ஒரே உத்தரவாக அனுமதி கேட்டு மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.
(ஊராட்சியின் பெயர், கட்டடங்களின் விவரம், கையெழுத்துகள் தனித்தாளில் இணைத்துள்ளோம்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பை, பள்ளி, துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை, கிளை நூலகம் ஆகிய கட்டடங்களுக்கு வயர்லெஸ் ஆன்டெனா மூலம் கொண்டுபோக அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது அது, அதற்கு நன்றி. ஆனால் வந்த இணைப்பு அந்த ஒரு அறையிலேயே நிற்கிறது. எதிரே தெரிகிற பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, அடுத்த மேட்டில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. நடுவில் பள்ளம், மிளகுத் தோட்டம், ஓடை. கேபிள் இழுக்க வேண்டுமென்றால் சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மலைச் சாலையில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் கம்பத்தில் போன கேபிள் அறுந்து தொங்கும், பூமிக்கடியில் போட்டால் அடுத்த முறை சாலையோரம் ஜேசிபி இறங்கும்போது போய்விடும்.

இந்த மனுவை எழுதுகிறவன் டிஷ் ஆன்டெனா, சிசிடிவி மாட்டும் வேலை செய்பவன். மலைக்குக் கீழே கோழிப்பண்ணைகளில் இந்த வயர்லெஸ் வேலையைத்தான் அதிகம் செய்கிறோம். ஒரு பண்ணையில் கொட்டகை ஒரு மூலையில் இருக்கும், அலுவலகம் இன்னொரு மூலையில் இருக்கும், தீவன மில் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒவ்வொரு கூரையிலும் ஒரு சின்ன டிஷ் வைத்து, ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி திருப்பிவிட்டால் கேமரா, பில்லிங் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிடும். நாங்கள் மாட்டியவை மழைக்காலங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. கோழிக் கொட்டகைக்குக் கிடைக்கிற வசதி, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏறி வராமல் இருப்பது எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

ரேஷன் கடையில் மாதத்தின் முதல் வாரம் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை நீங்களே வந்து பார்த்தால் நல்லது. கைரேகை வைக்கும் மெஷினுக்கு சிக்னல் கிடைக்காது. விற்பனையாளர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏறுவார், வரிசையில் நிற்கிறவர்கள் பின்னாலேயே ஏறுவார்கள், ரேகை வைத்துவிட்டு இறங்கி வந்து அரிசி வாங்க வேண்டும். வயசான பாட்டிகள் அந்தப் பாறையில் ஒரு கையால் தடியை ஊன்றிக்கொண்டு மறு கை விரலை மெஷினில் வைப்பதைப் பார்க்கவே பயமாக இருக்கும். மழை பெய்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு விநியோகம் நின்றுவிடும். பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து நடந்து வந்தவர்கள் வெறும் பையோடு திரும்பிப் போவார்கள். விற்பனையாளர் மீது எந்தத் தப்பும் இல்லை, அவரும் எங்களோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகிறார்.

சுகாதார நிலையத்தில் செவிலியர் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகு போனில் ஏற்றுகிறார். வீடியோ வழியாக டாக்டரிடம் காட்டும் இ-சஞ்சீவனி வசதி இருந்தும் இங்கே அதற்கு வழியில்லை. பள்ளியில் ஆசிரியர்கள் வருகைப் பதிவுக்காக மைதானத்தின் ஒரு ஓரத்தில் போய் நிற்கிறார்கள். நூலகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது, இணையம் இல்லை.

இனி நாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்கிறோம். ஊராட்சி அலுவலக மாடியில் ஒரு செக்டர் ஆன்டெனா, அதாவது 90 டிகிரி அகலத்துக்குப் பரவலாக அனுப்பும் ஆன்டெனா வைப்போம். பள்ளியும் நூலகமும் சுகாதார நிலையமும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கின்றன. அந்த மூன்று கூரைகளிலும் செக்டரைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன டிஷ். பள்ளி ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, சுகாதார நிலையம் ரெண்டு கிலோமீட்டரை ஒட்டி வரும். ரேஷன் கடை மட்டும் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து தெரியாது. அதற்குப் பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் ஒரு ஜோடி ரேடியோ, அதாவது டிஷ்ஷோடு சேர்ந்து அலையை அனுப்பி வாங்கும் கருவி வைத்து, பள்ளியிலிருந்து எடுத்துக் கடைக்குத் திருப்பிவிட வேண்டும். தொட்டி ஊராட்சியுடையது என்பதால் அதில் பிரச்சினை இல்லை.

கண்ணுக்கு எதிர்க் கட்டடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பல இடங்களில் வேலை கெடுவது இங்கேதான். அலை ஒரு நூல் மாதிரி போகாது, நடுவில் அகலமாக விரிந்து போகும். நாங்கள் பயன்படுத்தப் போகும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரெண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுப்பாதையில் நேர்கோட்டிலிருந்து சுற்றிலும் சுமார் 5 மீட்டர் விரியும். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். சுகாதார நிலையத்துக்குப் போகும் பாதையில் சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன, அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. மரத்தை வெட்டச் சொல்லி நாங்கள் கேட்கவே மாட்டோம், அது ஒரு குடும்பத்தின் வருமானம். அதற்குப் பதிலாக ரெண்டு முனையிலும் குழாயை உயர்த்தி, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டிவிடுவோம். சில்வர் ஓக் வளரும் மரம், அதனால் இப்போது தேவைப்படுவதை விடக் கொஞ்சம் கூடுதல் உயரமே வைப்பது நல்லது.

நாங்கள் ஏற்கெனவே ஒரு துறை அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "டவர் எல்லாம் கட்டடத்துல வைக்கக் கூடாது" என்று காகிதத்தை வாங்காமலே அனுப்பிவிட்டார்கள். இது டவர் இல்லை. செல்போன் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வாடகை இல்லை, ஜெனரேட்டர் இல்லை. இந்த அலைவரிசைக்கு உரிமமும் தேவையில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. வரம்புக்குள் இருக்க வேண்டும், கருவிக்கு மத்திய அரசின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் எடுக்கப் போகும் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 36 டிபிஎம் (அலையின் வலுவை அளக்கும் அலகு) வரைதான் அனுமதி, அதாவது 4 வாட். 23 டிபிஐ (அலையை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கும் என்பதன் அளவு) டிஷ் மாட்டினால் ரேடியோவின் சொந்த வலுவை 13 டிபிஎம்முக்குக் குறைத்தாக வேண்டும், அது 20 மில்லிவாட்தான். கதிர்வீச்சு என்று பெற்றோர்கள் பயந்தால் அந்தப் பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வைத்தே சொல்கிறோம். வீட்டில் மேசை மேல் இருக்கிற வைஃபை ரௌட்டரின் சொந்த வலு பொதுவாக இந்த 20 மில்லிவாட்டை விட அதிகம், எங்கள் டிஷ்ஷோ மாடிக்கு மேலே, ஆள் இல்லாத திசையைப் பார்த்து இருக்கப் போகிறது.

அந்தக் குறைந்த வலுவே போதும். செக்டரில் 36 டிபிஎம் அனுப்பி, ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பால் 23 டிபிஐ டிஷ்ஷில் வாங்கினால் கணக்குப்படி மைனஸ் 55 டிபிஎம் பக்கம் சிக்னல் வர வேண்டும், நல்ல வேகம் கிடைக்கும். மழையில் டிவி டிஷ் கட்டாகிற மாதிரி இதுவும் கட்டாகாதா என்று ஊரில் பலரும் கேட்கிறார்கள். அது 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து, இதைவிட ரெண்டு மடங்கு அதிர்வெண்ணில் வருவது. 5 கிகாஹெர்ட்ஸில் இவ்வளவு சின்னத் தூரத்துக்கு மழையும் மலை மூட்டமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈர இலைதான் செய்யும், அதனால்தான் மரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை 2000-களின் நடுவிலேயே சுற்றுவட்டாரச் சிறு கண் பரிசோதனை மையங்களோடு நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தார்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கூட இருந்து செய்த வேலை. சாதாரண வைஃபை பல கிலோமீட்டர் போகும்போது பதில் வர நேரமாவதாலேயே திணறும் என்று, அதன் மென்பொருளை மாற்றி எழுதினார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்தபடியே நோயாளி தேனியில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேசினார். இன்றைக்குக் கடையில் வாங்கும் ரேடியோவில் அந்தத் திருத்தங்களெல்லாம் வசதியாகவே வருகின்றன, எங்களுக்கு இருப்பதோ ரெண்டு கிலோமீட்டர்.

எங்களுக்கு உண்மையான பயம் மின்னல்தான். மலை உச்சிக் கட்டடம், மேலே இரும்புக் குழாய். எர்த் இல்லாமல் மாட்டினால் முதல் சித்திரை மழையிலேயே ரேடியோ மட்டுமில்லாமல் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரும் எரிந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எர்த் குழி, குழாயிலிருந்து குழிக்கு நேராக இறங்கும் செம்புக் கம்பி, கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர், வெளியில் போடும் கேபிள் ஷீல்டு உள்ள அவுட்டோர் வகை என்பவற்றை உத்தரவிலேயே கட்டாயமாக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு விட்டு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கேபிளோடு வழிந்து உள்ளே இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் இறங்கும். குரங்குகள் கடிக்கும், அதனால் கேபிள் முழுக்கப் பைப்புக்குள் போக வேண்டும். இந்த நாலைந்து விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடித்தால் மொத்த வேலையும் வீண்.

செலவு அதிகமில்லை. இப்போதைய விலையில் ஒரு முனைக்கு ரேடியோ ஐந்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். குழாய், எர்த், கேபிள் எல்லாம் சேர்த்தால் அதே அளவு இன்னொரு முறை ஆகலாம். ஒரு ரேடியோ சுமார் 8 வாட் மின்சாரம் இழுக்கும், கரண்ட் போனாலும் ஒரு சின்ன பேட்டரி பல மணி நேரம் தாங்கும். ஊராட்சி நிதியிலிருந்தே செய்ய முடியும். கூலி இல்லாமல் மாட்டிக் கொடுக்க ஊரிலேயே ஆள் இருக்கிறோம்.

தடையாக இருப்பது அனுமதி ஒன்றுதான். பள்ளிக் கூரை கல்வித் துறையுடையது, சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது, ரேஷன் கடை கூட்டுறவுத் துறையின் கீழ் வருகிறது, நூலகத்துக்குப் பொது நூலகத் துறை. ஒருவர் கொடுத்தால் தருகிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். நாலு துறையையும் ஒரு தாளில் சேர்க்க மாவட்டத்தில் உங்களால்தான் முடியும். அதனால் நாங்கள் கேட்பது, இணைத்துள்ள தாளில் இருக்கும் கட்டடங்களின் பெயரைக் குறிப்பிட்டு, அவற்றின் மாடியில் ஆன்டெனா வைக்கவும் அங்கிருந்து மின்சாரம் எடுக்கவும் அனுமதித்து ஒரே உத்தரவு. கூடவே, ஊராட்சி அலுவலகத்தில் உள்ள ஃபைபர் இணைப்பை மற்ற அரசுக் கட்டடங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று, பாரத்நெட்டைத் தமிழ்நாட்டில் நடத்தும் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்கித் தர வேண்டும். தனியார் வீடுகளுக்குக் கொடுப்பதோ காசுக்கு விற்பதோ எங்கள் திட்டத்தில் இல்லை, அதையும் உத்தரவில் தடை என்றே எழுதிவிடுங்கள், எங்களுக்குச் சம்மதம்.

அப்புறம் பராமரிப்பு. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பிரயோஜனமில்லை. முன்பு ஒரு கட்டடத்தில் யாரோ ஒரு ரேடியோவை ஜன்னல் கம்பியில் கட்டுக்கம்பி வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆடிக் காற்றில் அது திரும்பிக்கொண்டது, யாருடைய பொருள் என்று யாருக்கும் தெரியாததால் இன்றைக்கும் அப்படியே சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. அந்த மாதிரி ஆகாமல் இருக்க, கருவிகள் எல்லாம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறட்டும், ரேடியோவின் பாஸ்வேர்டு ஊராட்சிச் செயலாளரிடம் உறையிட்டு இருக்கட்டும், மழைக்கு முன்னும் பின்னும் கிளாம்ப், ஸ்டே கம்பி, எர்த் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போட்டே எழுதிவிடுங்கள். பக்கத்து ஊராட்சி ஆட்களும் நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரியாக ஓடினால் அவர்களும் உங்களிடம் வருவார்கள், அவர்கள் மலை வேறு மாதிரி என்பதால் அவர்களுக்குத் தனியாக அளந்துதான் சொல்ல முடியும்.

உத்தரவு போடும் முன் சந்தேகம் இருந்தால், பொறியாளர் ஒருவரை அனுப்பிவையுங்கள். ஒரு ஜோடி ரேடியோவைத் தற்காலிகமாக ஊராட்சி அலுவலகத்திலும் சுகாதார நிலையத்திலும் வைத்து, வரும் சிக்னலையும் வேகத்தையும் அவர் கண் முன்னாலேயே காட்டத் தயாராக இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் எர்த் குழி தோண்டி, குழாய் நட்டுவிட வேண்டும், மழையில் ஈரக் கூரை மேல் ஏறி அந்த வேலை செய்வது ஆபத்து. ஆகவே இந்த மனு மீதான முடிவைப் புரட்டாசிக்குள் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வருகிற திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வரைபடத்தோடு நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்,
கொல்லிமலை.